பூசலில் பிறந்த பஞ்சாயத்து

காடுகளைக் காப்பதில் பொதுமக்கள் பங்கு கொள்ள வேண்டும் என்ற அபிப்பிராயத்தை இன்று ஆட்சேபிப்பார் எவருமில்லை. ஆயினும், அந்தப் பங்கு மரக்கன்று நடும் விழாவில் குழி தோண்டுவதோடு முடிந்துவிடுவதா, அல்லது எந்த மரத்தை எவர் எப்போது வெட்டலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தையும் உள்ளடக்கியதா என்று கேட்டுவிட்டால், அதுவரை ஒருமித்திருந்த சபையில் சலசலப்பு உண்டாகிவிடுகிறது. அதனை விரும்பத்தகாத இடையூறு என்று கருதுவோர் பலர்; அந்தச் சலசலப்பிலேதான் விஷயம் இருக்கிறது என்பது என் துணிபு. இமயமலைச் சாரலில், இன்றைய உத்தராகண்ட மாநிலத்தைச் சேர்ந்த குமாவோன் பிரதேசத்தின் சரித்திரத்தைக் கொண்டு இதைச் சொல்ல முயல்கிறேன்.

அம்மலைநாட்டில் விளைநிலம் சொற்பம். சரிவுகளில் அடுக்கடுக்காக வெட்டிய வயல்களுக்கு எருவாவது காட்டுச் சருகு. மாட்டுக்குத் தீனியாவது கருவாலி மரத்தின் தழை. அடுப்புக்கு விறகும் கலப்பைக்குக் கட்டையும் அங்கிருந்தே வரவேண்டும். இவ்வாறு காட்டையும் வயலையும் பிரித்தறியாமல் வாழ்ந்த ஜனங்களின் தலைமேல், அளக்கப்படாத நிலமெல்லாம் சர்க்காரின் பாதுகாக்கப்பட்ட காடே என்ற 1893-ஆம் ஆண்டின் பிரகடனம் வந்து விழுந்தது. 1911 முதல் 1917 வரை நடந்த ஏற்பாட்டில், பெரும் விஸ்தீரணமுள்ள காடுகள் ரிசர்வு செய்யப்பட்டு, மேய்ச்சலுக்கும் தழை ஒடிப்பதற்கும் கட்டுப்பாடுகள் பெருகின. புதுப்புல் தளிர்க்கட்டும் என்று கோடைதோறும் சருகுக்குத் தீயிடும் பழைய வழக்கமும் தடுக்கப்பட்டது. சர்க்காரின் கண் சீர் என்னும் பைன் மரத்தின் மேல் இருந்தது. ரயில் தண்டவாளத்துக்கு ஸ்லீப்பர் கட்டையும், டர்பன்டைன் காய்ச்சுவதற்குப் பிசினும் தருவது அதுவே அல்லவா?

இதனோடு, உத்தியோகஸ்தர்கள் சுற்றுப்பயணம் வரும்போது அவர்களுடைய மூட்டைகளைக் கிராமத்தார் சுமக்க வேண்டும் என்ற வெட்டிவேலைக் கொடுமையும் சேர்ந்திருந்தது. 1921 ஜனவரியில், நாம் பொங்கல் கொண்டாடும் மகர சங்கராந்தியன்று, பாகேசுவரத் திருவிழாவில் திரண்ட மக்கள், பத்ரி தத்த பாண்டே முதலியோரின் தலைமையில், அந்த வெட்டிவேலைப் பதிவேடுகளைச் சரயூ நதியில் எறிந்தார்கள். அவ்வாண்டுக் கோடையிலோ, மக்கள் இட்ட தீயில் ரிசர்வுக் காடுகள் பற்றி எரிந்தன.

இதனை மூடஜனங்களின் ஆத்திரம் என்று அக்காலத்து அதிகாரி எவரேனும் எழுதிவைத்திருந்தால் வியப்பதற்கில்லை. ஆனால், சரித்திர ஆசிரியர் ராமச்சந்திர குகா எடுத்துக்காட்டும் ஒரு செய்தி நம்மை நிதானிக்கச் செய்கிறது: எரிந்தவை பெரும்பாலும் சர்க்காருக்கு வருமானம் தந்த பைன் காடுகளே; அதே சர்க்காரின் கட்டுப்பாட்டில் இருந்தும், மக்களின் மாட்டுக்கும் வயலுக்கும் உயிரான அகன்ற இலை மரக்காடுகள் தீக்கிரையானதாகச் சான்று இல்லை. காட்டின்மேல் அவர்களுக்குப் பகை இல்லை. எந்தக் காடு எவருக்குப் பயன்படுகிறது என்பதை அந்தத் தீயே பாகுபடுத்திக் காட்டியது.

சர்க்கார் பணிந்தது என்று சொல்வது மிகை. யோசித்தது என்று சொல்லலாம். குமாவோன் கமிஷனர் பெர்சி விண்டம் தலைமையில் அமைந்த குறைகேட்புக் குழு மலைவாசிகளின் சாட்சியத்தைக் கேட்டது. அதன் சிபாரிசின்படி, வியாபார மதிப்புக் குறைந்த காடுகள் வனத்துறையின் பிடியினின்று நீங்கி ரெவினியூ அதிகாரிகளின் பார்வைக்கு வந்தன. 1931-ஆம் ஆண்டில் வனப் பஞ்சாயத்து விதிகள் பிறந்தன. நல்ல மரமெல்லாம் தனக்கென்று வைத்துக்கொண்டு சர்க்கார் எஞ்சியதைத் தந்தது என்ற குறை நியாயமானதே. எனினும், அந்த எஞ்சிய காட்டிலிருந்து, இன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வனப் பஞ்சாயத்துகள் என்ற ஸ்தாபனம் வளர்ந்திருக்கிறது.

பஞ்சாயத்து நடந்த விதம் எளியது. கிராமத்தார் தேர்ந்தெடுத்த சிலர், அவர்களுக்குச் சர்பஞ்சு என்னும் ஒரு தலைவர். புல் அறுப்பதற்குக் காட்டை எந்த நாளில் திறப்பது, விறகுக்கு எந்தப் பகுதியை விடுவது என்று அவர்களே முடிவு செய்வார்கள். காவற்காரனுக்குக் கூலியைப் பல ஊர்களில் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலித்துக் கொடுப்பார்கள். தடையை மீறிப் புல்லறுத்தவளின் அரிவாளைக் காவற்காரன் பிடுங்கிக்கொண்டால், அபராதத்தைக் கட்டி அதை மீட்டுக்கொள்ள வேண்டியதுதான். அபராதம் கட்ட மறுப்பவனையோ, காட்டை ஆக்கிரமித்து உழுபவனையோ கண்டால் மட்டும் பஞ்சாயத்தின் கை தாழ்ந்துவிடும். ரெவினியூ அதிகாரிக்கு மனுமேல் மனு எழுதிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அதிகாரத்தில் பாதியை வைத்துக்கொண்டு பொறுப்பை முழுதாகக் கொடுப்பது நம் சர்க்கார்களுக்கு வெள்ளைக்காரன் விட்டுச் சென்ற வழக்கம் போலும்.

பூசல் ஊருக்குள்ளும் உண்டு, ஊருக்கும் ஊருக்கும் உண்டு. 1823-இல் கமிஷனர் டிரெயில் வகுத்த கிராம எல்லைகளை வைத்துக்கொண்டே பின்னாளிலும் வழக்காடினார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரு காட்டில் மாடு மேய்த்த பக்கத்து ஊரார், அங்கே பஞ்சாயத்து ஏற்பட்டவுடன் அந்நியராகிவிடுவார்கள். பிறகு விவகாரம் கச்சேரிக்குப் போகும். இத்தகைய சச்சரவு ஒன்றும் இல்லாத காட்டைக் கண்டால், அங்கே சமரசம் நிலவுகிறது என்று நான் உடனே மகிழ்ந்துவிட மாட்டேன். பங்கிட்டுக்கொள்ள அங்கே ஏதேனும் மிஞ்சியிருக்கிறதா என்று முதலில் விசாரிப்பேன்.

1976-லும் 2001-லும் விதிகளைத் திருத்தியபோது வனத்துறையின் கை மீண்டும் ஓங்கியது என்பது மலைநாட்டாரின் குறை. அதனினும் பழைய குறை ஒன்று உண்டு. விடியுமுன் எழுந்து, செங்குத்தான சரிவேறிப் புல்லும் விறகும் சுமந்து வருகிறவர்கள் பெண்கள். எந்தச் சரிவில் எந்த மாதத்தில் என்ன தழைக்கும் என்பதை அறிந்தவர்களும் அவர்களே. பஞ்சாயத்தில் அமர்ந்து விதி செய்தவர்களோ நெடுங்காலமாக ஆடவர்கள். அந்த விதியை மீறியதற்காகப் பிடிபட்டவை பெரும்பாலும் பெண்களின் அரிவாள்கள். பிற்காலத்து விதிகள் பெண்களுக்கு இடம் ஒதுக்கிவிட்டன. ஆயினும் கூட்டத்தை எந்த வேளையில் கூட்டுவது என்ற சில்லறை விஷயத்தை எந்த விதியும் தீர்மானித்துவிட முடியாது. புல்லுக்குப் போன பெண்கள் திரும்புவதற்கு முன்பே கூட்டம் கலைந்துவிடுமானால், அவர்களுடைய இடம் புத்தகத்தில்தான் இருக்கும்.