கோர்ட்டுக் கட்டடம் யாருக்குச் சொந்தம்?

(சின்னாளப்பட்டிப் பொதுக்கூட்டத்தில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



மதுரையிலுள்ள பழைய ஜில்லா கோர்ட்டுக் கட்டடத்தைப் பழுதுபார்த்து, பொது ஜனங்களுடைய உபயோகத்திற்குக் கொண்டுவரப் பணம் தேடுவதைப் பற்றி இன்று நான் பேச வேண்டுமென்று கேட்டுக் கொள்ளப்பட்டிருக்கிறேன். அப்படி ஒரு கட்டடம் மதுரையில் எங்கேயிருக்கிறது என்று இங்குள்ள வாலிபர்கள் யோசிக்கலாம். டிக்கெட் வாங்கிப் பார்த்துவிட்டு வருகிறீர்களே, திருமலை நாயக்கர் மகால், அதுதான். 1970ம் வருஷம் வரை ஜில்லா கோர்ட்டு அங்கேதான் நடந்தது. 1985ல் திண்டுக்கல் தனி ஜில்லா ஆகும்வரை நாமும் மதுரை ஜில்லாக்காரர்களே. ஆதலால் நம் ஊர் வியாஜ்ஜியங்களும் அந்த மகால் படியேறியவைதான்.

என் பாட்டனார் கைத்தறி நெசவாளி. நூல் வாங்குவதற்குக் கடன் வாங்கி, பிராமிசரி நோட்டில் கைநாட்டு வைத்தார். வாங்கியது எவ்வளவு, நோட்டில் எழுதியிருந்தது எவ்வளவு என்பது கொடுத்தவருக்குத்தான் வெளிச்சம். அப்பீலுக்காக மகாலுக்குப் போய், கட்டுச்சோற்று மூட்டையோடு தூணடியில் நின்றார். "தூண் ரொம்பப் பெரிசு. காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்றுதான் கடைசிவரை தெரியவில்லை" என்று சாகும்வரை சொல்லிக் கொண்டிருந்தார். நான் இன்று கேட்கப்போவதற்கெல்லாம் காரணம் இந்த ஒரு வார்த்தைதான்.

நிற்க, "ராஜா கட்டிய மாளிகையைப் பற்றி நமக்கென்ன கவலை?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சரித்திரத்தைக் கொஞ்சம் பாருங்கள். திருமலை நாயக்கர் 1636ல் இதைக் கட்டினார். அவர் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது, இதன் பெரும்பகுதியை இடித்து, எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு போனதாகச் சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். தாத்தா பெருமைக்கென்று கட்டியதைப் பேரனே காப்பாற்றவில்லை! ஏன்? அவருக்கு அது உபயோகமில்லை. அவ்வளவுதான்.

பிறகு பாழாய்க் கிடந்த கட்டடத்தை மீட்டது யார்? 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராயிருந்த நேப்பியர் பிரபு காலத்தில்தான் சர்க்கார் பணம் ஒதுக்கிப் பழுது பார்த்தது. கோர்ட்டும் காரியாலயங்களும் நடத்த இடம் வேண்டியிருந்தது, பணமும் வந்தது. இதிலிருந்து நாம் அறிய வேண்டியது என்ன? பெருமை ஒரு கட்டடத்தைக் காப்பாற்றாது, உபயோகந்தான் காப்பாற்றும் என்பதே. ஆகவே பணம் கேட்பவர்கள் "பழம்பெருமை, பழம்பெருமை" என்று கூவுவதைவிட, "இதனால் ஜனங்களுக்கு இன்ன பலன்" என்று சொல்லிக் கேட்பதே புத்திசாலித்தனமாகும்.

அப்படியானால் என்ன உபயோகம்? மகால் முழுவதையும் கேட்கவில்லை. ஒரு தாழ்வாரமும் சில மேஜைகளும் போதும். அங்கே சட்டப் புத்தகங்கள் தமிழில் இருக்கட்டும். வாரத்தில் சில நாள் ஒரு வக்கீல் உட்கார்ந்து, ஏழைகள் கொண்டுவரும் காகிதத்தை வாசித்துப் பொருள் சொல்லட்டும். இது தர்மமல்ல, பாத்தியதை. 1987ம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர், ஊனமுற்றோர் முதலியவர்களுக்கு வருமானம் பாராமலே இலவச சட்ட உதவி உண்டு. மற்ற ஏழைகளுக்கும் வருமான வரம்புக்குட்பட்டு உண்டு. இந்தக் கூட்டத்தில் இருப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கை தூக்குங்கள் பார்க்கலாம். சட்டம் இருந்தும் தெரியாமலிருந்தால், என் பாட்டனாருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

அதோடு சுவரில் ராஜா கதை மட்டும் இருந்தால் போதாது. வழக்காடிய ஜனங்களின் கதையும் வேண்டும். 1897ல் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள் என்று வழக்கு வந்தது. 1899ல் மதுரை சப் கோர்ட்டு அவர்களுக்கு உரிமையில்லை என்றது. ஹைக்கோர்ட்டும் அப்படியே சொல்லிற்று. 1908ல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அதையே ஊர்ஜிதம் செய்தது. ஆனால் 1939ல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டவர்கள் நுழைந்த பிறகு, சட்டசபையே அதை அனுமதித்துச் சட்டம் செய்தது. மூன்று கோர்ட்டுகள் சாத்திய கதவை ஒரு சட்டம் திறந்தது. சட்டம் மனிதன் செய்வது, மனிதனால் மாற்றக் கூடியது என்பதை நம் பிள்ளைகள் அங்கே நின்று படிக்க வேண்டாமா?

வெளிநாட்டிலும் பாருங்கள். சிங்கப்பூரில் 1939ல் கட்டிய சுப்ரீம் கோர்ட்டுக் கட்டடத்தை, பக்கத்திலிருந்த நகர மண்டபத்தோடு சேர்த்து, 2015ல் தேசியக் கலைக்கூடமாகத் திறந்தார்கள். குற்றவாளி ஏறிய படியில் இன்று பள்ளிப் பிள்ளைகள் ஏறுகிறார்கள்.

இனிப் பணத்திற்கு வருகிறேன். செங்கலும் சுண்ணாம்புமான பழங்கட்டடத்தைச் சிமெண்டால் பூசிவிட முடியாது. சிமெண்டு ஈரத்தை உள்ளே அடைத்து, உப்புப் பூக்கச் செய்து, பழஞ்சுவரை உதிர்த்துவிடும். சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தர்கள் வேண்டும். அவர்களுக்குத் தக்க கூலி வேண்டும். ஆகவே செலவு அதிகந்தான். 1966ம் வருஷத்துச் சட்டப்படி இது பாதுகாக்கப்பட்ட சின்னம். தொல்லியல் இலாகாவின் அனுமதியில்லாமல் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. அதுவும் சரியே. எனவே கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் சர்க்கார்தான் முதலில் பொறுப்பு.

முதலாளிகளுக்கும் பொறுப்பு உண்டு. 2013ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டப்படி, வருஷம் 5 கோடி ரூபாய்க்குக் குறையாமல் லாபம் பெறும் கம்பெனிகள், முந்திய மூன்று வருஷத்துச் சராசரி லாபத்தில் 100க்கு 2 வீதம் பொதுக் காரியத்துக்குச் செலவிட வேண்டும். பழங்கட்டடங்களைச் சீர்ப்படுத்துவதும் பொது நூலகம் வைப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. மத்திய சர்க்கார் 1996ல் ஏற்படுத்திய தேசியப் பண்பாட்டு நிதியும் உண்டு. புத்தகத்துக்கோ, 1948ம் வருஷத்து நூலகச் சட்டப்படி நாமே வீட்டு வரியோடு வரி கொடுத்து வருகிறோம். கேட்க வேண்டிய முறையில் கேட்டால், இது பிச்சையல்ல.

நம் பங்கு என்ன? கும்பாபிஷேகம் என்று நோட்டுப் புத்தகத்தை நீட்டினால், தறிக்கு நூல் இல்லாதவனும் கடன் வாங்கி எழுதுகிறான். எழுத்துத் தெரியாதவனுக்குக் காகிதம் படித்துச் சொல்லும் ஒரு மேஜைக்கு அவன் ஒரு நாள் கூலியில் ஒரு பங்கு கொடுத்தால் குறைந்தா போவான்? ஆனால் ஒன்று. வசூலாகும் ஒவ்வொரு காசுக்கும் ரசீது வேண்டும். கணக்கை எல்லோரும் பார்க்கும்படி சுவரில் ஒட்ட வேண்டும். கணக்குக் காட்டாதவன் எந்தக் கட்சிக்காரனாயிருந்தாலும் அவனுக்குக் கொடுக்காதீர்கள். நான் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

ஆகவே, தாழ்வாரம் ஒன்றைச் சட்ட உதவிக்கும் படிப்பதற்கும் விடவேண்டுமென்று தொல்லியல் இலாகாவுக்கு இக்கூட்டத்திலேயே விண்ணப்பம் எழுதிக் கையெழுத்துப் போடுவோம். கைநாட்டு வைப்பவர்களுக்கு, வைக்குமுன் அதை முழுதும் உரக்க வாசித்துக் காட்டுங்கள். அங்கிருந்தே நம் வேலை ஆரம்பமாகட்டும்.

நான் சொன்னதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய் யோசித்து, சரியென்று பட்டால் மட்டும் செய்யுங்கள்.