மண்ணுக்குள் இருக்கிற வில்லங்கம்



இந்தக் கடலூர் சாலையோரம் மனை வாங்குகிறவர் முதலில் என்ன கேட்கிறார்? பட்டா இருக்கிறதா, வில்லங்கம் போட்டுப் பார்த்தாயா என்று கேட்கிறார். வில்லங்கம் காகிதத்தில் இருந்தால் வக்கீலைப் பார்க்கலாம். மண்ணுக்குள்ளேயே இருந்தால் யாரைப் பார்ப்பது? கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் முகமாலையிலும் நம் சனங்கள் கேட்கிற கேள்வி இது.

நம் மண்ணும் போர் பார்த்த மண்தான். 1748இல் ஆங்கிலேயப் படை வந்தபோது, இதோ பக்கத்து அரியாங்குப்பத்தில் இருந்த கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் தாங்களே வெடிவைத்துத் தகர்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள். அந்தக் காலத்துப் பீரங்கியின் இரும்பு உருண்டை விழுந்த இடத்தோடு சரி. இந்தக் காலத்து ஷெல் அப்படியில்லை. வெடிக்காமல் புதைந்தால் மருந்து உள்ளேயே கிடக்கும். தகடு துருப்பிடிக்கும், மருந்து சாகாது. ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரத்தில், கட்டுமான வேலை நடந்த இடத்தில் இரண்டாம் உலகப் போர்க் குண்டு அகப்பட்டது. 2010 ஜூன் 1ஆம் தேதி அதைச் செயலிழக்கச் செய்யப் போன நிபுணர்கள் மூன்று பேர் செத்தார்கள். போர் முடிந்து 65 வருஷம் ஆகியிருந்தது, அய்யா! 2017இல் பிராங்க்பர்ட்டில் அகப்பட்ட ஒரே ஒரு குண்டுக்காக 60,000 பேருக்கு மேற்பட்டவர்களை வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். அந்த நாட்டின் பல ஊர்களில் போர்க்கால விமானப் படங்களைப் பார்த்த பிறகுதான் கட்டட அனுமதி.

"இலங்கையில் 2009இல் முடிந்த போரை இன்னும் எத்தனை நாள் பேசுவீர்கள், போய்க் கட்டச் சொல்லுங்கள்" என்கிறவர்களுக்கு என் பதில் கோட்டிங்கன்!

இலங்கையின் வன்னிப் பகுதியில் மிதிவெடி எடுக்கிற வேலை நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. போரில் புருஷனைப் பறிகொடுத்த பெண்கள் முகமூடி மாட்டிக்கொண்டு, கொளுத்துகிற வெயிலில் மண்டியிட்டு, அடி அடியாக மண்ணைக் கீறி மிதிவெடி எடுக்கிறார்கள். அவர்கள் காலில் விழுந்து கும்பிடலாம். இந்திய அரசின் செலவில் ஹொரைசன், சர்வத்ரா என்கிற நம் நாட்டுக் குழுக்களும் போய் எடுத்தன. 2010இல் 50,000 வீடுகள் தருவதாக டெல்லி அறிவித்தது. பெரும்பாலான குடும்பங்களுக்குத் தவணை தவணையாக 5,50,000 இலங்கை ரூபாய் கொடுத்தார்கள். வீட்டுக்காரரே முன்னின்று கட்டிக்கொள்ள வேண்டும். நல்ல திட்டம். ஆனால் மண்வெட்டி யார் கையில் இருந்தது என்று பாருங்கள்!

மிதிவெடி மேல்மண்ணில் இருக்கும். ஷெல்லும் விமானக் குண்டும் ஆள் ஆழத்துக்குக்கூட இறங்கும். மிதிவெடி தேடுகிற ஆழம் வேறு, கடைக்கால் தோண்டுகிற ஆழம் வேறு, கிணறு வெட்டுகிற ஆழம் வேறு. குடியேறலாம் என்று விடுவித்த காணியில் நாளைக்கு மகனுக்கு ஒரு வீடு, மருமகனுக்கு ஒரு வீடு என்று தோண்டுவார்கள். அப்போது எந்த அதிகாரி கூட நிற்பார்?

இலங்கை 2017இல் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. 2028 ஜூனுக்குள் மிதிவெடி எல்லாவற்றையும் அகற்ற வேண்டும். இந்தியா அதில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, அது நமக்குத் தலைகுனிவு. நான் கேட்பது அதற்கும் மேலே. மிதிவெடிக் கணக்கு முடிந்ததும் மூட்டை கட்டிவிடக் கூடாது. வீடு கொடுத்த கை, அந்த வீட்டுக்கு அடியில் இருக்கிற மண்ணையும் சோதித்துக் கொடுக்க வேண்டும்.

இங்கிருந்து வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்புத்துப்பட்டு ஈழ அகதிகள் முகாம் இருக்கிறது. ஊர் திரும்பலாமா என்று யோசிக்கிற குடும்பங்களை அங்கே போனால் பார்க்கலாம். கப்பலேற்றி அனுப்பினால் போதுமா? "உன் காணியில் இத்தனை அடி ஆழம் பார்த்தாயிற்று, இதற்குக் கீழே பார்க்கவில்லை" என்று தமிழில் எழுதிய ஒரு தாள் அவர்கள் கையில் இருக்க வேண்டாமா?

தீர்மானத்தை வாசிக்கிறேன்: ஈழத்தில் இந்தியப் பணத்தில் எழும் ஒவ்வொரு வீட்டுக்கும், பள்ளிக்கூடத்துக்கும், கிணற்றுக்கும், தோண்டப்போகிற ஆழம்வரை மண்ணைச் சோதிக்கும் செலவை இந்திய அரசே ஏற்க வேண்டும், சோதித்த ஆழத்தைக் குறித்த சான்றை வீட்டுக்காரர் கையில் கொடுத்த பிறகே முதல் தவணைப் பணம் வழங்க வேண்டும். ஒப்புக்கொள்கிறவர்கள் கையைத் தூக்குங்கள். பின்னால் நிற்கிற தாய்மார்களும் தூக்குங்கள்!