மின் ஸ்கூட்டரும் வீட்டு ஒயரிங்கும்: மானியம் எதற்கு உண்டு?
(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசல் ஊர்களிலும் இப்போது மின் ஸ்கூட்டர் வந்துவிட்டது. "சார்ஜ் போட வீட்டு மெயின் போர்டையும் ஒயரிங்கையும் மாற்ற வேண்டும் என்கிறார்களே, அதற்கு மானியம் உண்டா?" என்று பலர் கேட்கிறீர்கள். பயிர்ச் சாகுபடி பேச வந்தவனிடம் மின்சாரத்தைக் கேட்பதா என்று நான் நினைக்கவில்லை. மானியம் என்றால் எங்களிடம்தான் கேட்பீர்கள்.

வீட்டு ஒயரிங்குக்கென்று நம் மாநிலத்தில் மானியம் இல்லை. தமிழக அரசின் 2023 மின்வாகனக் கொள்கை பொதுச் சார்ஜ் நிலையங்களுக்குத்தான் மூலதன மானியம் சொல்கிறது. கைப்பேசியில் வரும் படங்களில் மெயின் போர்டு மாற்றப் பணம் தருகிறார்கள் என்று காட்டுவது அமெரிக்கச் செய்தி. அங்கே 2022-இல் இயற்றிய சட்டம், வருமான வரம்புக்கு உட்பட்ட வீடுகளுக்கு மெயின் போர்டு மாற்ற 4,000 டாலர் வரை தள்ளுபடிக்கு வகை செய்தது. அதை இங்கே வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

உண்மையில் ஸ்கூட்டருக்குப் பெரிய மாற்றமும் தேவையில்லை. அதன் சார்ஜர் பெரும்பாலும் 750 வாட் அளவுதான். ஓர் இஸ்திரிப் பெட்டியைப் போல. ஆனால் இஸ்திரிப் பெட்டி கால் மணி நேரம் ஓடும். இது நான்கைந்து மணி நேரம் விடாமல் இழுக்கும். தளர்ந்துபோன பழைய பிளக்கில் மாட்டினால் பிளக் சூடேறி உருகும். மெயின் போர்டிலிருந்து தனி லைன், 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்பு ஒயர், 16 ஆம்பியர் பிளக், அதற்கென ஓர் எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இவை போதும். காருக்கு 3.3 கிலோவாட் அல்லது 7 கிலோவாட் சார்ஜர் வைப்பதானால் கணக்கு வேறு. முதலில் மின் பகிர்மானக் கழகத்தில் கூடுதல் பளுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்தச் செலவு நம்முடையது.

ஒயரைவிட எர்த்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். இது மண் சம்பந்தப்பட்டது. கரிசல் மண் ஈரத்தில் உப்பி, காய்ந்தால் வெடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஈரக் கரிசல் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். பங்குனி, சித்திரையில் வெடிப்பு விட்டதும் மண் எர்த் குழாயை விட்டு விலகிவிடும். அப்போது கசியும் மின்சாரம் பூமிக்குள் இறங்க வழியில்லை. வண்டியைத் தொடும் ஆளின் உடம்பு வழியாக இறங்கும். எர்த் குழியில் கரியும் உப்பும் இட்டு, கோடையில் வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றுங்கள். உப்பு இரும்பை அரிக்கும். ஆகவே குழாயையும் இணைப்பையும் ஆண்டுக்கொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பழக்கம் தொடங்கியிருக்கிறது. கிணற்று மோட்டார் அறையில் வண்டியை நிறுத்தி, இலவச மின்சாரத்தில் சார்ஜ் போடுவது. 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் கிடைத்துவரும் இந்தச் சலுகை பாசனத்துக்கு மட்டும் உரியது. வேறு வேலைக்குப் பயன்படுத்தினால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவுப்படி இருமடங்குக் கட்டணம் விதிக்கலாம். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குக் கணக்கிடுவார்கள். 135-ஆம் பிரிவில் திருட்டு வழக்காகவும் ஆகலாம். ஸ்கூட்டருக்கு முழுச் சார்ஜுக்கு வேண்டியது மூன்று, நான்கு யூனிட். அதற்காகக் கிணற்று இணைப்பைப் பணயம் வைக்கலாமா?

மானியம் வேறு இடத்தில் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் கூரைச் சூரியத் தகடுக்கு 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் ரூ.78,000 என்று அறிவித்தார்கள். நம் வெயிலுக்கு 1 கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். வண்டிக்கு அதுவே போதும். பகலில் உற்பத்தியாவதை மின்கம்பிக்கு அனுப்பி, இரவில் எடுத்ததோடு நேர் செய்துகொள்ள இருவழி மீட்டர் வைப்பார்கள். பணம் முன்னதாக வராது. தகடு பொருத்தி, ஆய்வு முடிந்த பிறகே வங்கிக் கணக்கில் சேரும். ஆகவே முதல் செலவுக்கு வழி பார்த்துக்கொண்டு இறங்குங்கள். தேசிய இணையதளத்தில் பதிவு பெற்ற நிறுவனத்தைத்தான் அமர்த்த வேண்டும்.

கிணறு உள்ள சிறு, குறு விவசாயிகளுக்குப் பழைய மோட்டாரை மாற்ற வேளாண்மைப் பொறியியல் துறை அண்மை ஆண்டுகளில் ரூ.15,000 வரை மானியம் தந்துவந்திருக்கிறது. மோட்டாரை வாங்கிவிட்டுப் பில்லைக் கொண்டுபோகாதீர்கள். அனுமதி பெற்ற பிறகே வாங்க வேண்டும்.

நம் பக்கத்தில் விண்ணப்பம் நின்றுபோவது பெரும்பாலும் ஒரு காரணத்தால்தான். வீட்டு மின் இணைப்பு இன்னும் காலமான தகப்பனார் பெயரிலேயே இருக்கும். வாரிசுச் சான்றும் வீட்டு வரி ரசீதும் எடுத்துக்கொண்டு, மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் பெயர் மாற்றத்தை இந்த மாதமே முடித்துவிடுங்கள். புரட்டாசியில் விதைப்பு தொடங்கிவிட்டால் உங்களுக்கு நேரம் இருக்காது.