பழத்தில் ஒரு ஜெலி ஆமை
(பிள்ளை மடுவத்துத் தாய்மார் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய பேச்சு)



பழத்தை வெட்டிக் கொடுத்தா தள்ளிவிடுற பிள்ளை, அதையே ஆமையாக்கி வைச்சா கேட்டு வாங்கிச் சாப்பிடும்.

ஜெலட்டின் என்பது மாடு, பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. மரக்கறி மட்டும் சாப்பிடும் வீடுகளுக்கு அது சரிவராது. கடற்பாசித் தூள் வாங்குங்கள். பிரிட்ஜ் இல்லாமலே அது இறுகும்.

2 கோப்பை தண்ணீரில் 2 தேக்கரண்டி தூளைக் கரைத்து, கிண்டிக்கொண்டே 3 நிமிடம் நல்லா கொதிக்க விடுங்கள். 3 மேசைக்கரண்டி சீனி போதும். இறக்கி, பொடியாக வெட்டிய வாழைப்பழம், பப்பாசியைக் கலந்து, குழிந்த கிண்ணத்தில் ஊற்றுங்கள். நன்றாக ஆறியதும் தட்டில் கவிழ்த்தால் ஆமை ஓடு தயார். பப்பாசித் துண்டுகளால் தலை, நாலு கால், வால் வையுங்கள். அன்றைக்கே சாப்பிட்டு முடியுங்கள்.

ஜெலட்டின்தான் கிடைத்ததென்றால், வேகவைக்காத அன்னாசியும் பப்பாசியும் உள்ளே போடாதீர்கள், இறுகாது. வேகவைத்த அன்னாசி போடலாம்.

முக்கியமான விசயம் ஒன்று. கடற்பாசி ஜெலி வாயில் கரையாது. சின்னப் பிள்ளை பெரிய துண்டை அப்படியே விழுங்கினா தொண்டை அடைச்சு மூச்சு நின்றுவிடும். சின்னச் சின்னதாக நறுக்கி, உட்கார வைத்து, பக்கத்தில் இருந்து ஊட்டுங்கள். திராட்சைப் பழத்தை நீளவாட்டில் நாலாக வெட்டுங்கள். மலைக்குப் போற அவசரத்தில இந்த வேலையை மூத்த பிள்ளையிடம் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் வீட்டில் இருக்கும்போதே செய்யுங்கள்.