எபிசோட் 41: ஆபரேஷன் முடிஞ்சு ஆறு வருஷம் கழிச்சு

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

ரெண்டு எபிசோட் முன்னாடி, போற போக்குல, "எனக்கு 22 வயசுல வெயிட் லாஸ் ஆபரேஷன் ஆச்சு"ன்னு ஒரே ஒரு வரி சொல்லிட்டு வேற டாபிக்குக்குப் போயிட்டேன். அதுக்கப்புறம் வந்த மெசேஜ்கள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "ப்ரோ, மறுபடி வெயிட் ஏறாம இருக்கா?"

ஏறுச்சுங்க. அதைப் பத்தித்தான் இன்னைக்கு.

ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடறேன். நான் டாக்டர் இல்ல, சரவணம்பட்டியில கோட் எழுதறவன். இதுல மருத்துவம் சம்பந்தமா நான் சொல்றது எல்லாம் என் டாக்டரும் டயட்டீஷியனும் எனக்குப் புரிய வெச்சது, அப்புறம் நான் தேடிப் படிச்சது. உங்க உடம்புக்கு என்ன செய்யணும்னு உங்க டாக்டர்கிட்டதான் கேட்கணும்.

போன வருஷம் கோபியில ஒரு சொந்தக்காரங்க கல்யாணம். பந்தியில உக்காந்திருக்கேன். எதிர் வரிசையில இருந்த ஒரு பெரியப்பா என்னையே கொஞ்ச நேரம் பார்த்துட்டு, பக்கத்துல இருந்தவர்கிட்ட, எனக்குக் கேட்கற மாதிரியே சொன்னாரு: "ஆப்பரேசன் பண்ணியுமாப்பா இப்படி?" அவர் கெட்ட எண்ணத்துல சொல்லலைங்க. ஆனா நான் இலையை மூடிட்டு எந்திரிச்சுட்டேன். பசி இருந்துச்சு. வர்ற வழியில ஒரு பேக்கரியில நிறுத்தி, டீயும் ரெண்டு தேங்காய் பன்னும் சாப்பிட்டேன். கார்ல உக்காந்து, தனியா.

இப்ப யோசிச்சா, என் பிரச்சினை மொத்தமும் அந்த ஒரு மணி நேரத்துலயே இருந்துச்சு. எப்படின்னு சொல்றேன்.

கணக்கு

என் உயரம் 174 சென்டிமீட்டர். ஆபரேஷனுக்கு முன்னாடி 126 கிலோ, பிஎம்ஐ 41க்கு மேல. சுகர் பார்டர்ல. தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வரும். ஹாஸ்டல்ல ரூம்மேட் பயந்து எழுப்பி விடுவான். ஆபரேஷன் முடிஞ்சு ஒன்றரை வருஷத்துல 86 கிலோவுக்கு வந்துட்டேன். அந்தக் கல்யாணத்தப்ப 102.

கோயம்புத்தூருக்கு இந்த ஆபரேஷன் புதுசு இல்ல. ஜெம் மருத்துவமனையை ஆரம்பிச்ச டாக்டர் சி. பழனிவேலு 1990கள்லயே லேப்ராஸ்கோபி முறையை இங்க வளர்த்தெடுத்தவர். வயித்தைப் பெருசா கிழிக்காம சின்னத் துளைகள் வழியா பண்ற வேலையில இந்த ஊருக்கு அவ்வளவு பழக்கம் இருக்கு. நான் எங்க பண்ணிக்கிட்டேன்ங்கிறது இந்தக் கதைக்குத் தேவையில்ல. ஆபரேஷன் நல்லபடியாத்தான் நடந்துச்சு. அதுக்கப்புறம் நடந்த தப்பு என்னோடது.

எனக்குப் பண்ணுனது ஸ்லீவ் காஸ்ட்ரெக்டமி. இரைப்பையில கிட்டத்தட்ட முக்கால்வாசிக்கு மேல எடுத்துடுவாங்க. மிச்சம் ஒரு வாழைப்பழம் கணக்கா குழாய் மாதிரி நிக்கும். இடம் குறையறது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கிரெலின்னு ஒரு ஹார்மோன். பசியைத் தூண்டி விடறது இதுதான். 1999ல ஜப்பான்ல கண்டுபிடிச்சாங்க. இது அதிகமா சுரக்கறது இரைப்பையோட மேல்பகுதியில. ஸ்லீவ்ல வெட்டி எடுக்கறதும் அந்தப் பகுதியைத்தான். அதனால ஆரம்ப மாசங்கள்ல பசியே தெரியாது. மூணு ஸ்பூன் பருப்பு சாப்பிட்டா போதும்னு இருக்கும். நான் என்ன நினைச்சேன்னா, "ஆஹா, நமக்குக் கட்டுப்பாடு வந்துருச்சு." கட்டுப்பாடு எல்லாம் இல்லைங்க, பசி லீவுல போயிருந்துச்சு. ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்துல திரும்பி வந்துச்சு.

ஓரளவு எடை திரும்ப ஏறுறது எனக்கு மட்டும் நடந்த அதிசயம் இல்ல. ஸ்வீடன்ல 1987ல ஆரம்பிச்ச ஒரு பெரிய ஆய்வு இருக்கு. ஆபரேஷன் பண்ணுனவங்களை வருஷக்கணக்கா பின்தொடர்ந்து 2007ல முடிவுகளை வெளியிட்டாங்க. கேஸ்ட்ரிக் பைபாஸ் பண்ணுனவங்க முதல் ஒண்ணு ரெண்டு வருஷத்துல சராசரியா 32 சதவீத எடையைக் குறைச்சிருந்தாங்க. பத்தாவது வருஷத்துல அது 25 சதவீதம். எனக்குப் பண்ணுன ஸ்லீவ் அந்த ஆய்வுல இல்ல, ஆனா பாடம் ஒண்ணுதான்: கொஞ்சம் திரும்பும், பெரும்பகுதி நிக்கும். இதை யாராவது அந்தப் பந்தியில எனக்குச் சொல்லியிருந்தா இலையை மூடியிருக்க மாட்டேன்னு நினைக்கறேன்.

ஆனா எனக்குக் கொஞ்சமா திரும்பல. குறைச்ச 40 கிலோவுல 16 கிலோ வந்துருச்சு. அதுக்குக் காரணம் தேடணும்ல?

ஏழு நாள் லாக்

வேலையில ஏதாவது உடைஞ்சா முதல்ல என்ன பண்ணுவோம்? லாக் பார்ப்போம். ஒரு வாரம் வாயில போற எல்லாத்தையும், நேரம் போட்டு, ஒரு ஷீட்ல எழுதுனேன். திருத்தாம, யாருக்கும் காட்டாம.

அதுக்கு முந்தி யார் கேட்டாலும் நான் சொல்ற பதில், "நான் ரொம்பக் கம்மியாத்தாங்க சாப்பிடறேன்." லாக் பார்த்தா அது உண்மை! காலையில ஒன்றரை இட்லி. மதியம் ஒரு கிண்ணம் அரிசி பருப்பு சாதம். ராத்திரி ஒரு தோசை. நோஞ்சான் சாப்பாடு. ஆனா நடுவுல பாருங்க. 11 மணிக்கு டீ, ரெண்டு வர்க்கி. 12:30க்கு டீமோட இன்னொரு டீ. 4 மணிக்கு பப்ஸ். 5:30க்கு டீ, பக்கத்து டெஸ்க்ல இருந்து மிக்சர். 7 மணிக்கு வர்ற வழியில ரோட்டுக்கடை காளான். 10 மணிக்கு லேப்டாப் முன்னாடி முறுக்கு. ஒரு நாளைக்கு அஞ்சு டீ, டீக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. அதுவே 40 கிராமுக்கு மேல. உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு சொல்லுது.

கோயம்புத்தூர்ல பேக்கரின்னா கேக் வாங்கற கடை இல்லைங்கறது உங்களுக்கே தெரியும். அதுதான் நம்ம மீட்டிங் ரூம். நல்ல செய்தியும் அங்கதான், கெட்ட செய்தியும் அங்கதான்.

டயட்டீஷியன் ஷீட்டைப் பார்த்துட்டு சொன்ன விஷயம்தான் எனக்குக் கண்ணைத் தொறந்துச்சு. ஸ்லீவ்ல முட்டை, கறி, பயறு மாதிரி கெட்டியான சாப்பாடு போனா கொஞ்சத்துலயே நெறையும், ரொம்ப நேரம் நிக்கும். டீ, டீயில முக்குன வர்க்கி, பன், ஐஸ்கிரீம், வாயிலயே கரையற மிக்சர் இதெல்லாம் வழுக்கிட்டுப் போயிடும். நெறஞ்ச உணர்வே வராது. அதாவது, ஆபரேஷன் என் தட்டை மட்டும்தான் சின்னதாக்குச்சு. தட்டுக்கு வெளிய, நாள் பூரா கொறிக்கறதை அது தடுக்கல. தடுக்கவும் முடியாது.

அங்கயே ஒரு சந்தேகம் கேட்டேன். நெட்ல, அஞ்சு நாள் வெறும் திரவம் குடிச்சா விரிஞ்ச இரைப்பை மறுபடி சுருங்கிடும்னு போட்டிருக்காங்களே? அப்படி எந்த டயட்டாலயும் இரைப்பையைச் சுருக்க முடியாதுன்னு சொன்னாங்க. எனக்கு ஏமாற்றம்தான். அஞ்சு நாள்ல முடியற வேலையைத்தான் தேடிட்டு இருந்தேன்.

நான் ஏன் போகல

இப்ப சொல்லப்போறதுதான் சொல்லக் கஷ்டமான பகுதி.

ஆபரேஷனுக்கு அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவையாவது செக்கப், ரத்தப் பரிசோதனை, வாழ்நாள் பூரா வைட்டமின் மாத்திரை. இது எல்லாம் முதல் நாளே சொன்னது. ரெண்டு வருஷம் ஒழுங்கா போனேன். மூணாவது வருஷம் நாலு கிலோ ஏறியிருந்துச்சு. "அடுத்த மாசம் குறைச்சுட்டுப் போயிக்கலாம்"னு தள்ளிப் போட்டேன். அடுத்த மாசம் அஞ்சு கிலோ. அப்படியே நாலு வருஷம். மாத்திரையும் நின்னு போச்சு. வீட்டுல இருந்த எடை மெஷினைக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டேன்.

போன வருஷம் பாதத்துல ஊசி குத்தற மாதிரி, மரத்துப் போற மாதிரி இருந்துச்சு. சேர்லயே உக்காந்திருக்கறதால வர்றதுன்னு ஆறு மாசம் விட்டுட்டேன். கடைசியில டெஸ்ட் எடுத்தா, பி12 ரொம்பக் கம்மி. இரைப்பையில பெரும்பகுதி இல்லாததால சாப்பாட்டுல இருக்கற பி12ஐ உடம்பு சரியா எடுத்துக்காது. அதுக்குத்தான் அந்த மாத்திரை. அதை ரொம்ப நாள் கவனிக்காம விட்டா நரம்புக்கு நிரந்தரப் பாதிப்பே வரலாம். சுகரும் திரும்ப பார்டர்ல. எச்பிஏ1சி 6.0.

யோசிச்சுப் பாருங்க. நாலு கிலோவுக்குத் திட்டு வாங்க வெக்கப்பட்டு, என் நரம்பைப் பணயம் வெச்சிருக்கேன்.

சரி, திரும்பப் போனப்ப திட்டுனாங்களா? எடை மெஷின்ல ஏறுனேன். 102. டயட்டீஷியன் எழுதிக்கிட்டாங்க. அப்புறம் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரையை எப்ப நிறுத்துனீங்க?" எடையைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. நாலு வருஷமா நான் மனசுக்குள்ள ஓட்டிட்டு இருந்த திட்டு, அங்க யாருமே திட்டல.

டாக்டர் தைராய்டு பார்த்தாரு, வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறேனான்னு கேட்டாரு, எண்டோஸ்கோபி பண்ணிப் பார்த்தாரு. எடை ஏறுனா எல்லாத்துக்கும் வாய்தான் காரணம்னு இல்ல. சில மருந்துகளாலயும் ஏறும், ஹார்மோன் பிரச்சினையாலயும் ஏறும், இரைப்பையோட அமைப்பு மாறியும் ஏறலாம். அதை நம்மளே முடிவு பண்ணக்கூடாது. 2025ல இந்தியாவுக்கு வந்த மவுஞ்சாரோ, வெகோவி ஊசிகளைப் பத்தியும் பேசுனோம். ஆபரேஷனுக்கு அப்புறம் எடை ஏறுனவங்களுக்கும் தேவைப்பட்டா டாக்டர்கள் யோசிக்கறாங்க. எனக்கு இப்போதைக்கு வேண்டாம், முதல்ல சாப்பாட்டைச் சரி பண்ணுவோம்னு முடிவாச்சு.

இப்ப என்ன பண்றேன்

புதுசா எதுவும் இல்ல. ஆபரேஷன் ஆன மாசம் கொடுத்த அதே பேப்பர்தான்.

முதல்ல புரதம். நாளைக்குக் குறைஞ்சது 60 கிராம்னு எனக்குச் சொல்லியிருக்காங்க. காலையில ரெண்டு முட்டை, அது 12 கிராம். மதியம் முதல்ல கோழியோ பயறோ, இடம் இருந்தாதான் சோறு. அரிசி பருப்பு சாதத்துல இப்ப பருப்பு தூக்கலா, அரிசி கம்மியா. ரெண்டாவது, சாப்பிடும்போது தண்ணி இல்ல. அரை மணி நேரம் கழிச்சுத்தான். மூணாவது, சாப்பாட்டுக்கு 20 நிமிஷம், போன் இல்லாம. நாலாவது, மாத்திரை, காலையில பல் விளக்கற பிரஷ் பக்கத்துலயே டப்பாவை வெச்சுட்டேன்.

பேக்கரியை விடல. விட்டா நண்பர்களையும் விடணும். சர்க்கரை இல்லாத டீ, நாளைக்கு ரெண்டு. முதல் பத்து நாள் கஷாயம் மாதிரி இருந்துச்சு. இப்ப பழகிருச்சு. பசிச்சா, பையில வறுத்த கடலை இருக்கும், ஒரு கைப்பிடி, எண்ணி வெச்சது.

அம்மிச்சிதான் பெரிய சவாலா இருக்கும்னு நினைச்சேன். ஊருக்குப் போனா கச்சாயம் சுட்டு வெச்சிருக்கும். வேண்டாம்னா மூஞ்சி வாடிடும். அதனால நாலு தின்னுட்டு, சாப்பாட்டை விட்டுடுவேன். இந்தத் தடவை உக்கார வெச்சு சொன்னேன். "அம்மிச்சி, என் வவுத்துல இடம் இத்துனூண்டுதான் இருக்கு. அதுல மொதல்ல பருப்பும் முட்டையும் போகோணும். மிச்சம் இருந்தா கச்சாயம்."

"இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன சாமி? பாதி சோத்துலயே எந்திரிச்சுப் போறயே, நான் ஆக்கறது உனக்குப் புடிக்கறதில்லையாட்டம்னு இருந்தேன்."

அடுத்த தடவை போனப்ப கொள்ளுப் பருப்பு கடைஞ்சு வெச்சிருந்துச்சு. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு ஒரு சிரிப்பு வேற. கொள்ளு கொழுப்பைக் கரைக்கும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா 30 கிராம் கொள்ளுல ஆறு, ஏழு கிராம் புரதம் இருக்கு, ஒரு முட்டை அளவுக்கு. நின்னு நிதானமா நெறைக்கும். எனக்கு அது போதும்.

எட்டு மாசம் ஆச்சு. இப்ப 95 கிலோ. பி12 ஊசி போட்டு அளவு சரியாயிருச்சு. பாதத்துல மரமரப்பு பெரும்பாலும் போயிருச்சு, இடது காலோட ரெண்டு விரல்ல இன்னும் கொஞ்சம் இருக்கு. 86க்குத் திரும்புவேனான்னு கேட்டா, திரும்பாமலும் இருக்கலாம். 126ல இருந்து பார்த்தா நான் இன்னும் 31 கிலோ கீழதான் இருக்கேன். அந்த ஆபரேஷன் தோத்துப் போகலைங்க. நாலு வருஷமா நான்தான் அதோட பேச்சுவார்த்தையில இல்ல.

இதைக் கேக்கறவங்கள்ல யாராவது ஆபரேஷன் பண்ணிட்டு, எடை ஏறிடுச்சுன்னு செக்கப்புக்குப் போகாம இருந்தா, குறைச்சுட்டுப் போலாம்னு காத்திருக்காதீங்க. ஏறுன எடையோடவே போங்க. அந்த செக்கப் அதுக்குத்தான் இருக்கு. விடாம வாந்தி, முழுங்கறப்ப வலி, கை கால் மரத்துப் போறது, இதுல ஏதாவது இருந்தா இந்த எபிசோடை நிறுத்திட்டு இன்னைக்கே டாக்டருக்கு போன் பண்ணுங்க.

வீட்டுல அப்படி ஒருத்தர் இருந்தா, பந்தியில அவரைப் பார்த்து எதுவும் சொல்லாதீங்க. பக்கத்துல உக்காந்து, மெதுவா சாப்பிடுங்க. அது போதும்.

என் எடை மெஷின் கட்டிலுக்கு அடியில இருந்து வெளிய வந்துருச்சு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஏறுவேன். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்ங்க.