மனிதரல்லாத நாயகர்கள்: மனத்தில் இடம்பிடிப்பது எப்படி?



2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் ஒரு திரைப்பட முன்னோட்டம் வெளியானது. படத்தின் பெயர் 'சோனிக்'. 1991ஆம் ஆண்டு ஜப்பானின் சேகா நிறுவனம் வெளியிட்ட கணினி விளையாட்டின் நாயகனான நீலநிற முள்ளெலிதான் கதாநாயகன். உலகெங்கும் கோடிக்கணக்கான பிள்ளைகள் அந்த முள்ளெலியோடு விளையாடி வளர்ந்தவர்கள். ஆனால், முன்னோட்டத்தைப் பார்த்தவர்கள் மகிழவில்லை, முகம் சுளித்தார்கள். பிள்ளைகளுக்காக எடுக்கப்பட்ட படத்தைப் பார்த்துப் பெரியவர்களே, "ஐயோ, பயமாக இருக்கிறதே!" என்றார்கள்.

அப்படி என்னதான் தவறு நடந்தது? விளையாட்டில் சோனிக்கிற்குப் பெரிய கண்கள், கையில் வெள்ளைக் கையுறை, உருண்டைத் தலை. திரைப்படக் குழுவினரோ அதனை 'உண்மையான' உயிரினம்போல் காட்ட விரும்பினர். கண்களைச் சிறிதாக்கினர். வாயில் மனிதப் பற்களை வரிசையாக அடுக்கினர். கால்களை மனிதக் கால்கள்போல் நீட்டினர். உண்மையை நெருங்க நெருங்க, இரசிகர்களிடமிருந்து அது விலகிப் போனது.

சில நாள்களிலேயே இயக்குநர் ஜெஃப் ஃபௌலர், உருவத்தை மாற்றுவதாக அறிவித்தார். நவம்பரில் வரவேண்டிய படம் 2020 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. கண்கள் பெரிதாயின, கையுறை திரும்பி வந்தது, பற்கள் அடங்கின. படம் உலக அளவில் 30 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல் வசூலித்தது. கதையும் நடிகர்களும் அதேதான். முகம் ஒன்றுதான் மாறியது. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள் பெரியவர்கள்!

குழந்தை முகத்தின் இரகசியம்

இதன் காரணத்தை அறிவியல் ஏற்கெனவே ஆராய்ந்திருக்கிறது. 1943ஆம் ஆண்டிலேயே, ஆஸ்திரிய நாட்டு விலங்கியல் அறிஞர் கோன்ராட் லோரன்ஸ் ஒரு கருத்தை முன்வைத்தார். பெரிய தலை, அகன்ற நெற்றி, பெரிய கண்கள், உப்பிய கன்னம், குட்டையான கை கால்கள் ஆகியவை குழந்தையின் அடையாளங்கள். இவற்றைக் கண்டவுடன் அள்ளி அணைக்க வேண்டும் என்ற உணர்வு மனிதருக்குத் தானாகவே எழுகிறது என்றார் அவர். அந்த அடையாளங்கள் நாய்க்குட்டியிடம் இருந்தாலும் சரி, பொம்மையிடம் இருந்தாலும் சரி, உணர்வு ஒன்றுதான்.

மிக்கி மவுஸ் இதற்கு நல்ல சான்று. 1928இல் அறிமுகமானபோது அது குறும்பும் முரட்டுத்தனமும் மிகுந்த எலி. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் தலையும் கண்ணும் பெரிதாகிக் கொண்டே வந்தன. அமெரிக்க அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்ட் 1979இல் எழுதிய கட்டுரையில் இந்த மாற்றத்தை அளந்தே காட்டினார். வயது ஏற ஏற மிக்கி குழந்தையாகிக் கொண்டே வந்தது! நம் நாட்டுத் தயாரிப்பான 'போபோய்போய்' தொடரில் வரும் ஓச்சோபோட்டையும் நினைத்துப் பாருங்கள். பந்துபோன்ற உருண்டை இயந்திரம். அதைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தோன்றுவதில் வியப்பில்லை.

மனிதனைப்போல், ஆனால் மனிதனல்ல

அப்படியானால், மனித முகத்தை அப்படியே ஒட்டிவிட்டால் போதாதா? போதாது. 1970ஆம் ஆண்டு ஜப்பானியப் பேராசிரியர் மசாஹிரோ மோரி, இயந்திர மனிதர்களைப் பற்றி எழுதும்போது ஓர் எச்சரிக்கை விடுத்தார். ஓர் உருவம் மனிதனை ஒத்துவர ஒத்துவர நமக்குப் பிடிக்கும். ஆனால், ஏறக்குறைய மனிதனாகி, முழுமையாக ஆகாமல் நிற்கும் இடத்தில், அந்த விருப்பம் திடீரென்று பள்ளத்தில் விழுந்துவிடும். அங்கே அன்புக்குப் பதில் அருவருப்பு பிறக்கும். முதல் சோனிக் தடுக்கி விழுந்த பள்ளமும் அதுவே எனலாம். அதே 2019இன் இறுதியில் வந்த 'கேட்ஸ்' படத்தில், நடிகர்களின் முகத்தை விட்டுவைத்து உடலெங்கும் பூனை உரோமத்தைக் கணினி வரைகலையால் போர்த்தினார்கள். அந்தப் படமும் தோல்வியைத் தழுவியது.

அழகு மட்டும் போதுமா?

இங்கே ஒரு கேள்வி எழலாம். பெரிய கண்ணும் உருண்டை முகமும் இருந்தால் எல்லாக் கதாபாத்திரங்களும் வென்றுவிடுமா? இல்லை. 1982இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய 'இ.டி.' படத்தின் வேற்றுக்கிரகவாசியை யாரும் அழகன் என்று சொல்ல மாட்டார்கள். சுருங்கிய தோல், நீண்ட கழுத்து, தொப்பை வயிறு. ஆனால், அதன் கண்களில் ஒரு முதியவரின் கனிவு இருந்தது. அறிவியல் மேதை ஐன்ஸ்டைனின் முகம் அதன் வடிவமைப்புக்கு உதவியது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது வீட்டுக்குப் போக ஏங்கியது. வீட்டைப் பிரிந்த ஏக்கம் யாருக்குத்தான் புரியாது?

2010இல் வந்த 'ஹவ் டு ட்ரெய்ன் யுவர் டிராகன்' படத்தின் கறுப்பு டிராகனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெயர் டூத்லெஸ், தமிழில் சொன்னால் பொக்கைவாயன்! அது படம் முழுவதும் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. பூனைபோல் பதுங்குகிறது, நாய்க்குட்டிபோல் துள்ளுகிறது. வீட்டில் பூனை வளர்ப்பவருக்கு அதன் ஒவ்வோர் அசைவும் தெரிந்த அசைவுதான். பறக்கும் டிராகனைப் பார்த்தவர் யாருமில்லை. ஆனால், கோபித்துக்கொள்ளும் பூனையைப் பார்க்காதவர் உண்டா? புதுமைக்குள் பழக்கத்தை ஒளித்து வைப்பதே வடிவமைப்பாளரின் சாமர்த்தியம்.

இது நம்மவர்களுக்குப் புதிதல்ல. மதுரையிலும் திருவரங்கத்திலும் கோயில் தூண்களில் நிற்கும் யாளியைச் செதுக்கிய சிற்பிகள் இதை அறிந்தவர்கள். யாளி என்ற விலங்கு உலகில் இல்லை. ஆனால், சிங்கத்தின் உடலும் யானையின் துதிக்கையும் உலகில் உண்டு. அறிந்தவற்றை இணைத்து அறியாததைப் படைத்தார்கள்.

ஓர் ஈயை நேசிக்க வைத்தவர்கள்

இத்தனைக்கும் சிகரம் வைத்தாற்போல் ஓர் எடுத்துக்காட்டு, எஸ்.எஸ்.ராஜமௌலியின் 'நான் ஈ'. தெலுங்கிலும் தமிழிலும் 2012இல் வந்த படம். சாப்பாட்டு மேசையில் ஈ உட்கார்ந்தால் உடனே துரத்துவோம். அதே ஈ திரையில் வில்லனைத் துரத்தியபோது, திரையரங்கமே எழுந்து கைதட்டியது. ஏன்? அது காதலித்த பெண்ணைக் காப்பாற்ற மறுபிறவி எடுத்து வந்த ஒருவன் என்பது இரசிகர்களுக்குத் தெரியும். ஈக்குப் புன்னகைக்க உதடு இல்லை, பேசவும் வாய் இல்லை. தலையசைப்பாலும் கால்களின் அசைவாலுமே கோபத்தையும் காதலையும் காட்டினார்கள். வில்லனோ மாளிகையில் வாழும் பணக்காரன். ஈயோ ஒரு விரலால் நசுக்கிவிடக்கூடிய உயிர். அந்த ஏற்றத்தாழ்வே இரசிகர்களை ஈயின் பக்கம் நிறுத்தியது.

ஆக, நேயர்களே, கண் பார்வையாளரை அழைக்கிறது. அசைவு அவரை நம்ப வைக்கிறது. ஆசையும் ஏக்கமும்தான் அவரைக் கடைசிவரை உட்கார வைக்கின்றன. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் கதாபாத்திரம் பொம்மையாகவே நின்றுவிடும்.

இன்று கணினி வரைகலை பயிலும் நம் இளைஞர்கள் பலர். அவர்கள் சோனிக் கதையின் இன்னொரு பக்கத்தையும் அறிய வேண்டும். அந்தப் படத்துக்குப் பணியாற்றிய வரைகலை நிறுவனம் ஒன்று 2019 டிசம்பரில் தன் வான்கூவர் கிளையை மூடியது. சந்தை நெருக்கடியே காரணம் என்றது நிர்வாகம். புதிய சோனிக்கைத் திரையரங்கில் உலகம் கைதட்டி வரவேற்றபோது, அந்தக் கிளையின் கதவு மூடியிருந்தது. இந்தத் துறையில் திறமை மட்டும் ஒருவரைக் காப்பாற்றுவதில்லை. அதனால்தான் தாளிலேயே தவறைத் திருத்திக்கொள்வது நல்லது. பென்சிலால் வரைந்த முதல் படத்தை வீட்டிலுள்ள ஐந்து வயதுப் பிள்ளையிடம் காட்டுங்கள். அது சிரிக்கிறதா, அம்மாவின் பின்னால் ஒளிகிறதா என்று பாருங்கள். அந்தத் தீர்ப்புக்குச் செலவு ஒரு காசுகூட இல்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "இந்த அசிங்கமான பூதத்தை ஏன் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குகிறாய்?" என்று பிள்ளையை அதட்டாதீர்கள். பச்சைத் தோலும் மூன்று கண்ணும் உள்ள ஒன்றுக்குள்ளும் ஒரு மனம் இருக்கும் என்று அந்தப் பிள்ளை நம்புகிறது. நாளை வகுப்பில் வேறு நிறமும் வேறு மொழியும் உள்ள ஒரு புதிய மாணவன் வந்து பக்கத்தில் உட்காரும்போது, அந்த நம்பிக்கைதான் முதலில் கை நீட்டும்.