ஹனோவர் நகர மக்களின் அன்றாட வாழ்வு

(தோட்டத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜெர்மனி நாட்டின் வடபகுதியில் ஹனோவர் என்னும் நகரம் உள்ளது. பால்மரம் சீவும் மக்களுக்கு அந்நகரம் முற்றிலும் அந்நியமானதன்று. கான்டினென்டல் என்னும் ரப்பர் நிறுவனம் 1871ஆம் ஆண்டில் அங்கேதான் தோன்றியது. ரப்பர் பூசிய துணிகளையும், குதிரை வண்டிகளுக்கும் சைக்கிள்களுக்கும் உரிய கெட்டி டயர்களையும் செய்து தொடங்கிய அந்நிறுவனம், பின்னர் உலகறிந்த டயர் உற்பத்தியாளராக வளர்ந்தது.

அந்நகருக்குச் செல்வோர் முதலில் காணவேண்டியது, 1913இல் திறக்கப்பட்ட புதிய நகர மன்ற மாளிகையாகும். அதன் கூடத்தில் நகரத்தின் நான்கு மாதிரி வடிவங்கள் வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று, இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சால் 1945இல் இடிந்து கிடந்த ஹனோவரைக் காட்டுகிறது. தாம் வீழ்ந்த நிலையையும் மறைக்காமல் காட்டும் மக்கள், அதிலிருந்து எழுந்த வகையை அவர்களது அன்றாட வாழ்விலே காணலாம்.

டிராம் வண்டி நிலையங்களில் தடுப்புக் கதவுகள் இல்லை. பயணி தாமே சீட்டு வாங்கி ஏறவேண்டும். பரிசோதகர் எப்போதாவதுதான் வருவார். சீட்டின்றிப் பிடிபட்டால் 60 யூரோ கட்டவேண்டும். மாலையில் பல வீடுகளில் அடுப்பு எரிவதில்லை. கறுப்பு ரொட்டியும் பால்கட்டியும் தொத்திறைச்சியும் மேசையில் வைக்கப்படும். குடும்பத்தார் கூடி அமர்ந்து உண்பர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் பெரும்பாலும் அடைக்கப்பட்டிருக்கும். அந்நாள் ஓய்வு நாள் என்பதை 1919ஆம் ஆண்டு அரசியல் சட்டம் வகுத்தது; 1949இல் இயற்றப்பட்ட சட்டமும் அதனை ஏற்றுக்கொண்டது. அன்று பலர் தத்தம் சிறு தோட்டங்களுக்குச் செல்வர். மாடி வீடுகளில் வாழும் தொழிலாளரும் குறைந்த வாடகைக்கு ஒரு துண்டு நிலம் பெற்றுக் காய்கறியும் பழமும் பயிரிடலாம். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்நிலம் 400 சதுர மீட்டருக்கு மிகலாகாது. உழைப்பதற்கு நேரம் வகுத்தது போலவே ஓய்வதற்கும் நேரம் வகுத்துள்ளனர். அந்த ஓய்வு குடும்பத்துக்குப் பயன்படுகிறது.

அன்பர்களே, இவற்றினும் முக்கியமான ஒன்றைக் கூறவேண்டும். அங்கே பள்ளிப் படிப்பை முடித்துப் பல்கலைக்கழகம் செல்லாத பிள்ளையை எவரும் "படிப்பு ஏறாதவன்" என்று ஒதுக்குவதில்லை. அவன் ஒரு தொழிற்சாலையிலோ பட்டறையிலோ பயிற்சியாளனாகச் சேர்கிறான். வாரத்தில் சில நாள் வேலையிடத்திலும், மற்ற நாள் தொழிற்பள்ளியிலும் கற்கிறான். பயிற்சிக் காலத்திலேயே ஊதியமும் உண்டு. மூன்று அல்லது மூன்றரை ஆண்டு கழித்துத் தேர்வு எழுதித் தேறினால், நாடு முழுவதும் மதிக்கப்படும் சான்றிதழ் கிடைக்கிறது. மின் தொழிலாளியும் ரொட்டி சுடுபவரும் இயந்திரப் பணியாளரும் இவ்வழியே வந்தவர்கள். இடிந்த நகரத்தை எழுப்புவதற்கு வேண்டியிருந்தவையும் இத்தகைய தொழில் தெரிந்த கைகளே அல்லவா?

அந்நாட்டிலும் குறைகள் உண்டு. நம் வாழ்க்கை முறையும் வேறு. ஆயினும் இக்கல்வி முறை நமக்கு எட்டாத ஒன்றன்று. இரு நாடுகளின் ஒத்துழைப்பால் 1991இல் நிறுவப்பட்ட ஜெர்மன் மலேசியத் தொழிற்கல்விக் கழகம் நம் நாட்டிலேயே இருக்கிறது. வேறு அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையங்களும் இருக்கின்றன.

ஆதலால் பெற்றோர்களே, தேர்வில் குறைந்த புள்ளிகள் பெற்ற மகனையோ மகளையோ கடிந்துகொண்டு வீட்டில் இருத்திவிடாதீர்கள். கிடைத்த கூலி வேலைக்கு உடனே அனுப்பியும் விடாதீர்கள். எந்தத் தொழிலில் நாட்டமுள்ளது என்று கேளுங்கள். பள்ளி ஆசிரியரை அணுகி, விண்ணப்பிக்கும் முறையை அறிந்துகொள்ளுங்கள். மூன்றாண்டுப் பொறுமை ஒரு பிள்ளையின் ஆயுட்காலத்துக்கும் சோறு போடும்.